மௌனம் சம்மதமன்று

அண்மையில் ஒரு ஞாயிறு மாலை, கணபதியில் நம் பங்கின் குடும்பங்கள் சில கூடியிருந்த வேளையில், பழைய ஜப்பானியத் திரைப்படம் ஒன்றைத் திரையிட்டோம். யசுஜிரோ ஓசு 1949-ஆம் ஆண்டில் இயக்கிய ‘பிந்திய வசந்தம்’ அது. தாயை இழந்த நொரிகோ, பேராசிரியரான தன் தந்தையோடு காமகுரா என்னும் ஊரில் வாழ்கிறாள். தந்தையைத் தனியே விட்டுச் செல்ல அவளுக்கு மனமில்லை. அவளை எப்படியேனும் மணமுடித்துக் கொடுக்க விரும்பும் தந்தை, தாம் மறுமணம் செய்துகொள்ளப் போவதாக ஒரு பொய்யைச் சொல்கிறார். அதை மெய்யென்று நம்பிய மகள், உள்ளம் நொந்து, திருமணத்திற்கு இசைகிறாள்.

படம் முடிந்ததும் பெரியவர் ஒருவர் எழுந்தார். “பாத்தீங்களா சாமி? சப்பான்லயே புள்ளைங்க அப்பன் பேச்சக் கேட்டுத்தானுங்க கட்டியிருக்குதுங்க. நம்ம புள்ளைங்களுக்கு இதத்தானுங்க சொல்லோணும்” என்றார். பெற்றோர் பலர் தலையசைத்தனர். பின்வரிசையில் இருந்த இளம்பெண்களில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. வழக்கம்போல் அவர்களது மௌனமும் சம்மதமாகவே கொள்ளப்பட்டது. அந்த மௌனத்தின் சார்பில் சிலவற்றை எடுத்துரைப்பது நம் கடமை எனக் கருதுகிறோம்.

முதலாவதாக, அப்பெரியவர் அப்படத்தைத் தவறாகப் படித்துவிட்டார். திருமணக் கோலத்தில் மகள் விடைபெறுகிறாள். ஆனால் திருமணம் நமக்குக் காட்டப்படுவதில்லை. மணமகனின் முகமும் காட்டப்படுவதில்லை. நாம் காண்பதெல்லாம், வெறிச்சோடிய வீட்டிற்குத் திரும்பி, தனியே அமர்ந்து ஒரு பழத்தைத் தோல் சீவும் தந்தையைத்தான். கத்தி நிற்கிறது, தலை கவிழ்கிறது. கீழ்ப்படிதலின் வெற்றி விழாவா இது? மேலும், அத்தந்தை தம் மகளின் திருமணத்தால் எதையும் அடையவில்லை. தம் முதுமையின் ஒரே துணையை இழந்தார். நம் வீடுகளிலோ எத்தனை பவுன், எந்தச் சாதி, எவ்வளவு ரொக்கம் என்னும் மூன்று கேள்விகளும் முடிந்த பின்னரே பெண்ணின் பெயர் என்ன என்று கேட்கப்படுகிறது. தன்னையே இழந்த தந்தையைக் காட்டி, தம் கௌரவத்தைக் காத்துக்கொள்ளும் தந்தையரை நியாயப்படுத்த முடியுமா?

அத்துணை அன்புள்ள தந்தையும் பொய் சொல்லித்தான் மகளின் இசைவைப் பெற்றார் என்பதையும் மறக்கலாகாது. அன்பினால் செய்யப்பட்டதாயினும் வஞ்சகம் வஞ்சகமே. ஜப்பானில் 1947-ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பு, திருமணம் இருவரின் மன இசைவில் மட்டுமே அமையும் என்று வகுத்திருந்தது. சட்டம் மாறிவிட்டது, வீடு மாறவில்லை. அந்த இடைவெளியைத்தான் ஓசு மீண்டும் மீண்டும் படமாக்கினார். 1958-இல் வெளிவந்த ‘சம இரவு மலர்’ என்னும் படத்தில், நண்பரின் மகளது திருமணத்தில் காதல் மணத்தைப் பாராட்டிப் பேசுகிறார் ஒரு தந்தை. தம் மகள் தானே ஒருவரைத் தேர்ந்துகொண்டபோது சினந்து தடுக்கிறார். மேடையில் ஒரு நீதி, வீட்டில் ஒரு நீதி! இவரை நம் பங்குகளில் கண்டதில்லை என்று எவரேனும் கூற இயலுமா?

பெண்ணைக் கேளாமல் அனுப்புவது ஒரு குற்றமெனில், கேளாமல் நிறுத்தி வைப்பது மற்றொரு குற்றம். ஓசுவின் இறுதிப் படம் 1962-இல் வந்தது. அதில் தம் வசதிக்காக மகளை மணமுடிக்காமல் உடன் வைத்துக்கொண்ட ஒரு முதிய ஆசிரியர், குடிபோதையில் தம் தவற்றை எண்ணிக் கலங்குகிறார். நம் தமிழ்த் திரையிலும் இவ்வுண்மை பேசப்பட்டது. 1974-இல் கே. பாலசந்தர் இயக்கிய ‘அவள் ஒரு தொடர்கதை’யில், கவிதா என்னும் மூத்த பெண்ணின் சம்பளத்தில் குடும்பமே உண்கிறது. கூடிவந்த தன் மணவாழ்வையும் தங்கைக்கு விட்டுக்கொடுத்து, அவள் மீண்டும் அலுவலகத்திற்கே நடக்கிறாள். படம் பார்த்துக் கண்ணீர் வடித்தோம். ஆனால் நம் தெருவிலேயே சம்பளத்திற்காகத் திருமணம் தள்ளிப்போடப்படும் மகளுக்காக எத்தனை பேர் வருந்தினோம்?

நம் கொங்கு மண்ணின் மற்றொரு கொடுமையையும் சொல்லாமல் விடுவதற்கில்லை. கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் வட்டாரங்களின் நூற்பாலைகள் பலவற்றில் ‘சுமங்கலித் திட்டம்’ என்ற பெயரில், ஏழை வீட்டு இளம்பெண்கள் மூன்றாண்டுகள் விடுதியில் தங்கி உழைக்கச் சேர்க்கப்பட்டனர். ஒப்பந்தம் முடிந்ததும் திருமணச் செலவுக்கு ஒரு தொகை தரப்படும் என்பதே ஏற்பாடு. உடல்நலம் குன்றி இடையில் வெளியேறி, அத்தொகையை இழந்தவர்களும் உண்டு. தன்னை ஒருவன் ஏற்றுக்கொள்வதற்குரிய விலையைத் தானே பஞ்சு தூசில் உழைத்துச் சேர்க்க வேண்டிய நிலைக்குப் பெண்ணைத் தள்ளியது யார்? ஆலை முதலாளியை மட்டும் குறை கூறுவது எளிது. வரதட்சணை கேட்கும் வீடு இல்லையெனில் அப்படியொரு திட்டத்திற்கு ஆள் கிடைத்திருக்குமா? 1961-லேயே வரதட்சணைத் தடைச் சட்டம் வந்துவிட்டது. அறுபது ஆண்டுகளுக்குப் பின்னும் அதைச் ‘சீர்’ என்று பெயர் மாற்றி வாங்குகிறோம்.

“தாய் தந்தையை மதிக்கச் சொல்வது நான்காம் கட்டளையன்றோ?” என்பர். ஆம். ஆயினும், மதிப்பது வேறு, மனச்சான்றை ஒப்படைப்பது வேறு. தொடக்கநூலின் 24-ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். ஈசாக்குக்குப் பெண் கேட்டு வந்த ஊழியரிடம் ரெபேக்காவை அனுப்புமுன், வீட்டார் அவளையே அழைத்து, அவளது விருப்பத்தைக் கேட்டறிகின்றனர். தான் செல்வதாக அவள் தன் வாயால் கூறுகிறாள். அதே குடும்பத்து லாபான், பின்னர் தன் மகளிரான லேயாவையும் ராகேலையும் யாக்கோபின் பதினான்கு ஆண்டு உழைப்புக்கு ஈடாக்கினான். தந்தை தங்களை விற்றுவிட்டார் என்று அம்மகளிர் பின்னாளில் முறையிட்டதையும் அந்நூல் மறைக்கவில்லை. ரெபேக்காவின் வீடா, லாபானின் வீடா, எது நம் வீடு?

திருச்சபையின் போதனையிலும் ஐயத்திற்கு இடமில்லை. பெற்றோரின் ஒப்புதலின்றி நடந்த திருமணங்கள் செல்லாதவை என அறிவிக்குமாறு பிரான்சு அரசரின் தரப்பு வற்புறுத்தியபோதும், 1563-இல் திரெந்து பொதுச்சங்கம் அதற்கு இணங்கவில்லை. மக்களை நேரடியாகவோ மறைமுகமாகவோ கட்டாயப்படுத்தலாகாது எனப் பெற்றோரை இரண்டாம் வத்திக்கான் சங்கம் எச்சரிக்கிறது. மணமக்களின் இசைவே திருமணத்தை உருவாக்குகிறது. வேறெந்த மனித அதிகாரமும் அதை ஈடுசெய்ய இயலாது என்கிறது திருச்சபைச் சட்டத்தின் 1057-ஆம் விதி. வன்முறையாலோ கடும் அச்சத்தாலோ பெறப்பட்ட இசைவு செல்லாது என்கிறது 1103-ஆம் விதி. பேசக்கூடியவர்கள் தங்கள் இசைவை வாய்மொழியாகவே வெளிப்படுத்த வேண்டும் என்கிறது 1104-ஆம் விதி. மௌனம் சம்மதத்திற்கு அறிகுறி என்னும் நம் பழமொழிக்குப் பீடத்தின்முன் இடமில்லை.

“பிள்ளைகள் தாங்களே தேர்ந்துகொண்டால் ஏமாந்து போவார்களே?” என்ற பெற்றோரின் அச்சத்தை நாம் எள்ளி நகையாடவில்லை. ஏமாந்து திரும்பிய பெண்களையும் கண்டிருக்கிறோம். பெரியோர் பார்த்து முடித்த திருமணத்தில் சிதைந்து திரும்பியவர்களையும் கண்டிருக்கிறோம். ஆதலால் பெற்றோர் விசாரிக்கட்டும், ஆலோசனை கூறட்டும், ஐயங்களை வெளிப்படையாகச் சொல்லட்டும். முடிவு மட்டும் பெண்ணின் வாயிலிருந்து வரட்டும். அது ‘வேண்டாம்’ என்று வந்தாலும் வீட்டில் சோறும் அன்பும் குறையாதிருக்கட்டும். மறுக்கும் உரிமை இல்லாதவள் தரும் சம்மதத்திற்குப் பொருளேது?

பிறரைக் குறை கூறும் நாம் நம்மையும் தப்பவிடலாகாது. சில ஆண்டுகளுக்கு முன், திருமண விசாரணைக்கு ஒரு பெண் தாயுடன் வந்தாள். முழு மனத்தோடு சம்மதிக்கிறாயா என்று கேட்டோம். அவள் தலைகுனிந்தாள். “அவளுக்கென்னங்க சாமி தெரியும்? நாங்க சொன்னா செரிதானுங்க. சொல்லு கண்ணு” என்றார் தாய். அவள் உதடு அசைந்தது, ஒலி எழவில்லை. நாம் ‘ஆம்’ என்று எழுதிக் கையொப்பம் வாங்கினோம். வெளியே அடுத்த குடும்பம் காத்திருந்தது. ஓராண்டிற்குள் அவள் தாய்வீட்டிற்குத் திரும்பிவிட்டாள். அன்று எழுதிய அந்தச் சொல் அவளுடையதன்று, நம்முடையது.

அன்றுமுதல் மணப்பெண்ணையும் மணமகனையும் தனித்தனியே, உறவினர் எவரும் அருகிலின்றி, வேறொரு நாளில் சந்தித்துக் கேட்கிறோம். விடை காதில் தெளிவாக விழும்வரை ஓலை வாசிப்பதில்லை. இதனால் சில குடும்பங்களுக்கு நம்மீது மனத்தாங்கல் உண்டு, இருக்கட்டும். அருட்தந்தையர் அனைவரும் இவ்வாறே செய்ய வேண்டுகிறோம். பெற்றோரிடமும் இரண்டை வேண்டுகிறோம். பவுனைப் பற்றிப் பேசுமுன் பெண்ணிடம் பேசுங்கள். அடுத்து, 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம் கிறிஸ்தவ மகளுக்கும் மகனுக்கும் தந்தையின் சொத்தில் சமபங்கு அளிக்கிறது. உயில் எழுதுவோரும் அந்நீதியை மீறலாகாது. நகையைப் போட்டுக் கணக்கை முடித்துவிட்டதாக எண்ணாமல், அவளது பங்கை அவள் பெயரிலேயே கொடுங்கள்.

திருமணம் செய்துகொள்ளாத ஒருவர் இதையெல்லாம் சொல்லலாமா எனச் சிலர் கேட்கக்கூடும். ஓசுவும் மணம் புரியாதவரே. தாயோடு வாழ்ந்து, 1963-இல் தம் அறுபதாவது பிறந்தநாளன்று மறைந்தார். வீட்டின் வெளியே நிற்பவனுக்கும் உள்ளே அழுகின்ற குரல் கேட்கத்தான் செய்கிறது. அன்று பின்வரிசையில் மௌனமாயிருந்த பெண்களின் பெற்றோரே, இன்றிரவு உணவிற்குப்பின் உங்கள் மகளை அருகில் அழைத்துக் கேளுங்கள். அவள் பேசி முடிக்கும்வரை குறுக்கிடாதீர்கள்.