பெரியவர்களுக்கு ஒரு வகுப்பு வையுங்கள்

47 வயதில் பியானோ கற்கப் போனேன். மேற்கு மாம்பலத்தில் ஒரு மாடி வீட்டு வகுப்பு. முதல் நாள் எனக்குக் காட்டிய முக்காலி, எனக்கு முன் வாசித்த எட்டு வயதுப் பையனுக்காகத் திருகி வைத்தது. உட்கார்ந்து வாசிக்கும்போது முழங்கை ஏறக்குறைய கட்டைகளின் மட்டத்தில் இருக்க வேண்டும் என்று கையில் கொடுத்த புத்தகத்தின் முதல் பக்கமே சொல்கிறது. ஆனாலும் அதைத் திருகிச் சரிசெய்ய அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை.

அன்று தொடங்கிய ஆதங்கம் ஒன்றரை வருடமாக ஆறவில்லை.

புத்தகத்தைச் சொல்கிறேன். பக்கத்துக்குப் பக்கம் வாத்துக் குஞ்சும் பலூனும். பாட்டெல்லாம் நர்சரிப் பாட்டு. குழந்தைக்கு அது சரிதான். நான் சிறு வயதில் வர்ணம் வரை கற்றவள். சி மேஜர் ஸ்கேல் நம் சங்கராபரணம்தான் என்று கேட்டதுமே காது சொல்லிவிட்டது. விரலுக்குத்தான் தெரியவில்லை. வலக்கையில் மூன்றாவது விரல் முடிந்ததும் கட்டைவிரல் உள்ளங்கைக்கு அடியில் நுழைந்து நான்காவது சுரத்தைப் பிடிக்க வேண்டும். இடக்கையில் அந்த மாற்றம் வேறு சுரத்தில் வருகிறது. இரண்டு கையும் சேர்ந்தால் ஒன்று மற்றதை இழுத்துக்கொண்டு போய்விடும். பெரியவர்களின் சிக்கல் இதுதான்: காது வெகு தூரம் முன்னால் போய்விட்டது, கை இப்போதுதான் தவழ்கிறது. குழந்தைக்கு இரண்டும் சேர்ந்தே வளர்கின்றன. இந்த வித்தியாசத்தைப் புரிந்துகொண்டு பாடம் சொல்ல ஆளில்லையே என்பதுதான் என் வேதனை.

அப்படிப்பட்ட பாடம் உலகத்தில் இல்லாமல் இல்லை. ஹங்கேரிய இசைமேதை பேலா பார்டோக் 1926 முதல் 1939 வரை எழுதிய ‘மைக்ரோகாஸ்மாஸ்’ ஆறு தொகுதிகள், 153 துண்டுகள். முதல் நான்கு தொகுதிகளும் தொடக்க மாணவருக்கானவை, அவர் சிறியவரானாலும் சரி பெரியவரானாலும் சரி என்று அவரே முன்னுரையில் சொல்லியிருக்கிறார். முதல் துண்டுகளில் இரண்டு கையும் ஒரே மெட்டை வாசிக்கின்றன. ஐந்து விரல் இடம்விட்டு நகர வேண்டாம். அவ்வளவு எளிது. ஆனாலும் கேட்கும்போது அது இசையாக இருக்கிறது. இதை நானாகத் தேடித்தான் கண்டுபிடித்தேன்.

இன்னொன்று. ஜி மேஜர் மினுவெட். பாக் எழுதியதாக நெடுங்காலம் நம்பப்பட்டு, பிறகு கிறிஸ்டியான் பெட்சோல்டின் படைப்பு என்று தெரியவந்தது. ‘குழந்தைகள் வாசிப்பது’ என்றுதான் எங்கள் வகுப்பில் அதற்குப் பெயர். அது இருக்கும் 1725-ஆம் ஆண்டின் இசை ஏடோ, இருபதுகளில் இருந்த, தேர்ந்த பாடகியான அன்னா மக்தலேனாவுக்கு அவர் கணவர் பாக் கொடுத்தது. குழந்தை குட்டிகளோடு குடும்பம் நடத்திய ஒரு பெண்ணின் வீட்டு ஏடு அது!

அடுத்தது கருவி. வகுப்பில் இருந்தவை எல்லாம் 61 கட்டை கீபோர்டுகள். பியானோவுக்கு 88. எண்ணிக்கையைப் பற்றி எனக்குக் குறையில்லை, ஆரம்பப் பாடங்களுக்கு 61 தாராளம். கட்டையில் எடை இல்லை என்பதுதான் குறை. பியானோவில் கட்டையை அழுத்தினால் உள்ளே கம்பளித் தலை வைத்த சுத்தி கம்பியை அடிக்கிறது. மெல்ல அழுத்தினால் மெல்ல, ஓங்கி அழுத்தினால் ஓங்கி. 1700 வாக்கில் ஃபுளோரன்ஸில் கிறிஸ்தோஃபோரி இந்தக் கருவியைச் செய்ததே அதற்காகத்தான். பியானோஃபோர்ட்டே என்ற பெயருக்கே மென்மையும் உரப்பும் என்றுதான் அர்த்தம். எங்கள் வகுப்புக் கீபோர்டில் எப்படித் தொட்டாலும் ஒரே சத்தம். பிறகு விரல் எதைப் பழகும்?

வகுப்பு நேரம் மாலை 5 மணி. அலுவலகம் போகிறவள் 5 மணிக்கு எங்கே வருவது? ஒவ்வொரு வாரமும் அனுமதி கேட்டுக் கெஞ்ச வேண்டியிருக்கிறது. வீட்டில் சமையலறை அடங்கி, ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்காரும்போது மணி ஒன்பதரை. கிடைப்பது இருபது நிமிடம். வகுப்பில், “வீட்ல பிராக்டிஸே பண்ணலையா ஆன்ட்டி?” என்று பிள்ளைகள் முன்னால் கேட்கிறார் ஆசிரியை. நல்ல பெண்தான். ஆனால் அந்த இருபது நிமிடத்தில் எந்த நான்கு அளவை எடுத்துக்கொள்ளலாம், எந்தக் கையைத் தனியாகப் பழகலாம் என்று ஒருநாள்கூடச் சொன்னதில்லை. அதற்குப் பதிலாக, “டிசம்பர்ல கிரேடு ஒண்ணு எழுதிடலாமா?” என்கிறார். சான்றிதழை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்? எனக்கு வேண்டியது அந்த மினுவெட்டை, வீட்டு ஹாலில், கை நடுங்காமல் முழுதாக வாசிப்பது.

“இந்த வயசுல எதுக்குக்கா இதெல்லாம்?” என்று கேட்கிற சொந்தங்களைப் பற்றி எழுதப்போவதில்லை. இளையராஜா 1968-இல் சென்னைக்கு வந்து தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை படித்தபோது அவரும் இருபதைத் தாண்டியவர்தான். அவர் பிறவி இசைஞர், அவரோடு என்னை ஒப்பிடவில்லை. வயது வந்தபிறகும் ஒருவரால் படிக்க முடிகிறது என்பதற்காக மட்டும் சொல்கிறேன்.

வகுப்பு நடத்துகிறவர்களே, வாரத்தில் ஒரு நாள், இரவு 8 மணிக்கு, பெரியவர்களுக்கென்று ஒரு வகுப்பு வையுங்கள். எடையுள்ள கட்டைகளோடு ஒரே ஒரு கருவியாவது அங்கே இருக்கட்டும். நாங்கள் வந்து உட்காரும்போது முக்காலியைக் கொஞ்சம் திருகிக் கொடுங்கள்.