பழைய கேமராவுக்குப் புது முதுகு தேவையா?

தாராபுரத்திலிருந்து கரூர் போகிற வழியில் மூலனூரில் இறங்கினால் காதில் விழுவது இரண்டே விஷயம்தான். ஒன்று பருத்தி ஏலம், இன்னொன்று முருங்கைக்காய் விலை. இங்கே போய் கேமராவைப் பற்றி யார் பேசப் போகிறார்கள் என்று தோன்றும். ஆனால் இந்தப் பக்கத்தில் பழைய வீடுகளின் சுவரைப் பார்த்தால் தெரியும். அப்பத்தா தாத்தாவின் கல்யாணப் படம், மொட்டை போட்ட குழந்தையின் படம், எல்லாம் கறுப்பு வெள்ளையில் மாட்டியிருக்கும்.

அந்தப் படங்களில் பெரும்பகுதி 120 ரோல் பிலிமில் எடுத்தவை. ஒரு ரோலுக்கு 12 சதுரப் படம். ஒவ்வொரு நெகட்டிவும் ஏறக்குறைய 56 மி.மீ.க்கு 56 மி.மீ. அந்தக் காலத்து கல்யாண வீட்டில் போட்டோகிராபரின் கழுத்தில் தொங்கியது பெரும்பாலும் இரண்டு கண் வைத்த கேமராதான். யாஷிகா மேட், ரோலிகார்டு, வசதி இருந்தால் ரோலிபிளக்ஸ். பிலிம் செய்ய நம்ம ஊட்டியிலேயே ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் இருந்தது. 1960ல் தொடங்கிய அந்த நிறுவனத்தின் 'இந்து' பிலிம் தெரியாத ஸ்டூடியோ கிடையாது. இன்று அந்த ஆலையும் இல்லை.

சரி, விஷயத்துக்கு வருவோம். பிலிம் போனால் என்ன, கேமராவும் லென்ஸும் நன்றாகத்தானே இருக்கிறது, பின்பக்கம் மட்டும் பிலிமுக்குப் பதில் டிஜிட்டல் பேக் மாட்டிக்கொள்ளலாமே என்று ஒரு ஆசை புகைப்படப் பிரியர்களிடம் பல வருடமாக இருக்கிறது. நியாயமான ஆசைதான். பல்லடம், சோமனூர் பக்கத்து ஆட்களுக்கு இது புதிதும் அல்ல. சாதா விசைத்தறியைத் தூக்கிப் போடாமல், அதே தறியில் சில கருவிகளைப் பொருத்தி மேம்படுத்துவதற்கு மத்திய அரசே மானியம் கொடுத்தது. அந்தத் திட்டம் 2017ல் வந்த பவர்டெக்ஸ் இந்தியாவிலும் இருந்தது. இரும்புச் சட்டம் உறுதியாக இருக்கும்போது முழுத் தறியையும் ஏன் மாற்ற வேண்டும்?

கேமராவிலும் இது நடக்கும், எல்லா கேமராவிலும் நடக்காது. ஹாசல்பிளாட் 500 வரிசையில் பிலிம் பெட்டி தனியாகக் கழன்று வரும். அதே இடத்தில் டிஜிட்டல் பேக் உட்கார்ந்துவிடும். 2024 ஜனவரியில் வந்த சிஎப்வி 100சி என்ற பேக்கை 1957ல் வந்த மாடலிலேயே மாட்டலாம். மமியா ஆர்பி67லும் பேக் கழலும், இடையில் ஒரு தகடு போட்டு வேலையை முடிக்கலாம். ஆனால் யாஷிகா மேட்? பின்கதவைத் திறந்தால் பிலிம் ஓடுகிற இடம்தான் இருக்கிறது. மாட்டுவதற்கு எதுவும் இல்லை. ஆக, மூலனூர், வெள்ளக்கோவில், தாராபுரம் ஸ்டூடியோக்களின் பரணில் எந்தக் கேமரா இருக்க வாய்ப்பு அதிகமோ, அதற்கு இந்த வழி ஆரம்பத்திலேயே அடைபட்டுவிடுகிறது.

ஹாசல்பிளாடே இருந்தாலும் கணக்கு அவ்வளவு இனிப்பாக இல்லை. மேலே சொன்ன பேக்கின் சென்சார் 43.8க்கு 32.9 மி.மீ. சதுர நெகட்டிவின் பரப்பில் பாதிகூட இல்லை. அதிலிருந்து மறுபடி சதுரமாக வெட்டினால் மூன்றில் ஒரு பங்குதான் மிச்சம். சாதாரணப் பார்வை தந்த 80 மி.மீ. லென்ஸ், கிட்டத்தட்ட 116 மி.மீ. லென்ஸ் மாதிரி நெருக்கிக் காட்டும். பந்தலுக்குள் ஒரு குடும்பமே நிற்கும் குரூப் போட்டோ எடுக்க போட்டோகிராபர் வாசலுக்கு வெளியே போக வேண்டியதுதான்! நெட்டுவாக்கில் படம் வேண்டுமென்றால் கேமராவையே பக்கவாட்டில் சாய்க்க வேண்டும். மேலிருந்து குனிந்து பார்க்கிற பைண்டரில் அது எவ்வளவு சிரமம் என்று பிடித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

விலை? அந்த பேக், கூட வரும் சின்ன கேமரா உடலோடு சேர்த்து, அமெரிக்காவில் அறிமுகமானபோது 8,199 டாலர். ரூபாயில் ஆறே முக்கால் லட்சத்துக்கு மேல், வரி தனி. பழைய பேக்கை செகண்ட் ஹேண்டில் வாங்கலாம் என்றால், பேட்டரி செத்திருக்கும், பயர்வயர் கேபிள் செருக இன்றைய கம்ப்யூட்டரில் ஓட்டையே இருக்காது.

'திருப்பூரில் பனியன் கேட்லாக் எடுக்க உதவுமே' என்று ஒரு வாதம் உண்டு. லென்ஸைப் பொறுத்தவரை அது சரியான வாதம். அந்த லென்ஸுக்குள்ளேயே ஷட்டர் இருப்பதால் 1/500 நொடி வரை எந்த வேகத்திலும் பிளாஷ் ஒத்துப்போகும். ஆனால் இந்த ஊர்த் துணியிலேயே ஒரு வம்பு இருக்கிறது. பின்னலாடையில் வரிசை வரிசையாகச் சின்னக் கண்ணிகள். சென்சாரிலும் வரிசை வரிசையாகப் புள்ளிகள். இரண்டும் மோதினால் துணியில் இல்லாத அலை அலையான வண்ணக் கோடுகள் படத்தில் வரும். மொய்ரே என்பார்கள். மீடியம் பார்மட் டிஜிட்டல் பேக்குகளில் இதை மழுங்கடிக்கும் வடிகட்டி பொதுவாக இருக்காது, அதனால் தொல்லை கூடுதல். பிலிமின் துகள்கள் ஒழுங்கில்லாமல் சிதறிக் கிடப்பதால் அதில் இந்தப் பிரச்சினை கிடையாது. தூரத்தை மாற்றி, கோணத்தை மாற்றிச் சமாளிக்கலாம். ஆனால் ஒரு நாளைக்கு நூறு டிசைன் எடுக்கிற இடத்தில் யாருக்கு அந்தப் பொறுமை?

அப்படியென்றால் பழையதையெல்லாம் காயலான் கடைக்குப் போடலாமா? அதுதான் இல்லை. எதைக் காப்பாற்ற வேண்டும் என்பதில்தான் தப்பு நடக்கிறது. எல்லாரும் கேமராவைப் பார்த்து ஏங்குகிறார்கள். அந்தக் கேமரா எடுத்த நெகட்டிவ்களை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

கேமரா அழிந்தால் அதே மாடல் இன்னொன்று எங்காவது கிடைக்கும். 1974ல் நடந்த ஒரு கல்யாணத்தின் நெகட்டிவ் அழிந்தால் அதற்கு மாற்றே கிடையாது. அந்த பிலிம்களில் பெரும்பாலானவை அசிடேட் அடிப்பரப்பு கொண்டவை. சூடும் ஈரமும் சேர்ந்தால் வினிகர் நாற்றம் அடித்து, சுருண்டு, உரிந்து போகும். வண்ண நெகட்டிவாக இருந்தால் நிறம் மங்கும். கறுப்பு வெள்ளை பிலிமில் இருப்பது வெள்ளி என்பதால் அதற்காகவே எடைக்குப் போனவையும் உண்டு. ஸ்டூடியோ கைமாறும்போது முதலில் குப்பைக்குப் போவது நெகட்டிவ் கட்டுதான். ஓடுகிற கேமராவை மட்டும் அலமாரியில் அழகுக்கு வைத்துக்கொள்வார்கள்.

இத்தனைக்கும் காப்பாற்ற லட்சங்கள் வேண்டாம். இன்று கல்யாணத்துக்குப் போகிற எந்த போட்டோகிராபரிடமும் 24 மெகாபிக்சல் கேமரா இருக்கிறது. ஒரு மேக்ரோ லென்ஸ், வெளிச்சம் சீராக வரும் ஒரு எல்இடி பலகை, ஆடாத ஸ்டாண்டு போதும். நெகட்டிவைப் பலகையில் தட்டையாக வைத்து நேர் மேலிருந்து எடுத்தால், 4000க்கு 4000 புள்ளிகளில் ஒரு சதுரம் கிடைக்கும். அங்குலத்துக்கு 300 புள்ளி வைத்தாலும் 13 அங்குலப் பிரிண்ட் போடலாம். ஒரு காலத்தில் கோடாக்கின் புரோபேக் என்ற டிஜிட்டல் பேக் கொடுத்ததும் இதே 16 மெகாபிக்சல்தான். அதைப் பணக்கார ஸ்டூடியோக்கள் மட்டுமே வாங்க முடிந்தது. இன்று அதே அளவு, கையில் இருக்கிற கேமராவிலேயே வருகிறது.

கல்லூரி லீவில் ஊருக்குப் போகிற பசங்களுக்கு இது ஒரு வார வேலை. தெரு முனை ஸ்டூடியோ அண்ணனிடம் கேட்டால் பரணைத் திறந்து காட்டாமலா போய்விடுவார்? எடுத்தவற்றை அந்தந்தக் குடும்பத்துக்கே திருப்பிக் கொடுத்தால், பேர் தெரியாத முகங்களுக்கு இன்னும் உயிரோடு இருக்கிற பாட்டிகள் பேர் சொல்வார்கள். இன்னும் பத்து வருடம் கழித்து அதுவும் நடக்காது.

யாஷிகாவில் ஒரு ரோல் போட்டு 12 படம் எடுக்கிற சந்தோஷம் வேண்டுமா, தாராளமாக எடுக்கலாம். அதைத் தப்பென்று யார் சொன்னது? பழைய கேமராவுக்கு லட்சக்கணக்கில் புது முதுகு வாங்குவதற்கு முன்னால், பரணில் கிடக்கிற அந்த நெகட்டிவ் கட்டை மட்டும் ஒருமுறை இறக்கிப் பார்த்துவிடுங்கள்.