வாசலிலேயே வைக்கும் பரீட்சை

கண்டிப் பக்கத்தில் படித்தவர்கள் கூடி ஆஸ்பத்திரிப் பேச்சு எடுத்தால் ஒரு வசனம் தவறாமல் வரும்: "உயர்தரத்தில் விஞ்ஞானம் செய்யாத பிள்ளையிடம் ஊசியைக் கொடுத்தால் உயிருக்கு யார் பொறுப்பு?" கலை, வர்த்தகப் பிரிவில் படித்தவர்களையும் தாதியர் பயிற்சிக்கு எடுக்கலாமே என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், டியூட்டரி வாத்தியார் முதல் தொழிற்சங்கக்காரர் வரை இதையேதான் கேட்கிறார்கள். நோயாளி மேல் வைத்த அக்கறை என்று இதற்குப் பெயர். எனக்கு இது சோம்பல் என்றே படுகிறது. கற்றுக்கொடுக்க வேண்டிய பாட்டைத் தேர்வுத் தாள் தலையில் கட்டிவிடுகிற சோம்பல்.

நாடு முறிந்துபோன 2022 இல், அரச ஊழியர் 5 வருடம் வரை சம்பளமில்லாத லீவில் வெளிநாடு போகலாம் என்று அரசாங்கமே சுற்றறிக்கை விட்டது. தாதியரும் டாக்டர்மாரும் போனார்கள். அவர்களைக் குறைசொல்ல வாயில்லை. ஆனால் அவர்கள் இடத்துக்கு வருகிறவர்களை மட்டும் அதே பழைய சல்லடையில்தான் இன்னும் சலிக்கிறோம்: உயர்தரம், அதிலும் விஞ்ஞானமோ கணிதமோ, பிறகு வர்த்தமானி எப்போது வரும் என்ற காத்திருப்பு, அதன் பிறகு 3 வருடப் பயிற்சி.

தெல்தோட்டை, கலஹா, ரங்கல பக்கத்துத் தோட்டப் பாடசாலைகளில் தமிழில் உயர்தர விஞ்ஞானம் படிக்க வழியுள்ளவை மிகச் சில. ஆய்வுகூடம் இருந்தால் வாத்தியார் இல்லை, வாத்தியார் வந்தால் மாற்றம் வாங்கிப் போய்விடுகிறார். லயத்துப் பிள்ளை கலைப் பிரிவுக்குப் போவது விருப்பத்தினால் அல்ல, அது ஒன்றுதான் அங்கே நடக்கிறது என்பதனால். பதினாறு வயதில் எந்தப் பாடசாலை கிட்ட இருந்தது என்பதைத்தான் நாம் "தகுதி" என்கிறோம்.

மலையகத்து ஆஸ்பத்திரி வார்ட்டுகளில் இதன் மறுபக்கத்தைப் பார்க்கலாம். மூச்சு வாங்கிக்கொண்டு ஒரு கிழவி வந்து கிடப்பார். மிஸிக்குத் தமிழ் வராது, கிழவிக்குச் சிங்களம் வராது. கட்டில் துடைத்துக்கொண்டிருக்கும் அட்டெண்டன் அக்காவைத்தான் கூப்பிடுவார்கள். அவர் வந்து, "பாட்டி, ராவைக்குச் சாஞ்சு படுக்க முடிஞ்சிச்சா, இல்ல ஒக்காந்தேதான் இருந்தீங்களா?" என்று கேட்பார். கேட்டபடியே கணுக்காலில் பெருவிரலை அழுத்தி, குழி விழுகிறதா என்று பார்ப்பார். பிறகு மிஸியிடம் சிங்களத்தில் இரண்டு வரி. இருதயம் தளர்ந்த நோயாளியிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அது. வருடக்கணக்காக வார்ட்டில் நின்று பிடித்த பாடம். ஆனால் அவர் அட்டெண்டனாகவே ஓய்வு பெறுவார். அவருக்கு மேலே ஏணி வைக்க யாருக்கும் தோன்றவில்லை.

வேலையிலேயே பழக்கி ஆள் எடுப்பது இந்தத் தீவுக்குப் புதுச் சங்கதியும் அல்ல. கொழும்பில் மருத்துவக் கல்லூரி திறந்தது 1870 இல். அதற்கு 22 வருடம் முன்பே, 1848 இல், மானிப்பாயில் அமெரிக்க மிஷன் டாக்டர் சாமுவேல் கிறீன் உள்ளூர்ப் பையன்களைக் கூட்டி வைத்து வைத்தியம் பழக்கத் தொடங்கிவிட்டார். 1864 முதல் தமிழிலேயே கற்பித்தார். அதைவிடப் பெரிய சாட்சி நம் மருத்துவிச்சி. 1926 இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறையில், அதிகம் படித்திராத பெண்களையும் பழக்கி, ஊருக்குள்ளேயே குடியிருத்தி, மேற்பார்வையோடு வேலை வாங்கினார்கள். 1930களில் ஒரு லட்சம் பிரசவத்துக்கு 2,000 தாய்மாருக்கு மேல் செத்த நாடு இது. இன்று அந்தத் தொகை தெற்காசியாவிலேயே மிகக் குறைந்தவற்றில் ஒன்று. மருந்தும் மலேரியா ஒழிப்பும் ரோட்டும் இதில் பங்காளிகள்தான். ஆனால் வீட்டு வாசலுக்குப் போய்ப் படியேறியது அந்தப் பெண்ணின் கால். அவள் எந்தப் பிரிவில் படித்தாள் என்று எந்தத் தாயும் கேட்கவில்லை.

எதிர்ப்பவர்களிடம் ஒரு நியாயம் இருக்கிறது, அதையும் நான்தான் சொல்ல வேண்டியிருக்கிறது, அவர்கள் சொல்வதில்லை. தோட்டங்களில் டாக்டர் இருக்க வேண்டிய இடத்தில் மலிவுக்கு ஒரு டிஸ்பென்சரை வைத்து, "டாக்டர் ஐயா" என்று கூப்பிடச் செய்து, தலைமுறைகளாகக் காலத்தை ஓட்டினார்கள். வேலையில் பழக்குகிறோம் என்ற பெயரில் பதிவும் இல்லாமல், மேற்படிப்பும் இல்லாமல் ஆள் பிடித்தால் அந்தக் கதைதான் திரும்ப நடக்கும். ஆகவே பரீட்சை வேண்டும், கடுமையாகவே வேண்டும். ஆனால் அதைப் பயிற்சியின் முடிவில் வையுங்கள். மருந்தின் அளவைக் கணக்குப் போடத் தெரிகிறதா, கையுறை போடும்போது கிருமி படாமல் போடுகிறாரா என்று மூத்த மிஸி பக்கத்தில் நின்று பார்த்துக் கையெழுத்துப் போடட்டும். தேறாதவரை அனுப்பிவிடுங்கள். உயர்தரத்து இரசாயனவியல் சித்தி இந்த இரண்டில் ஒன்றையும் சோதிப்பதில்லை.

தச்சருக்கும் சமையற்காரருக்கும் முன்னனுபவத்தைப் பார்த்தே தேசிய தொழிற் தகைமைச் சான்றிதழ் கொடுக்கிற நாடு, 10 வருடம் வார்ட்டில் நின்றவளுக்குத் தாதியர் கல்லூரியில் ஒரு கதிரை போடத் தயங்குகிறது. மலைப்பக்கத்து ஆஸ்பத்திரிகளில் வேலை செய்யும் கனிஷ்ட ஊழியருக்கென்று, தமிழும் சிங்களமும் பேசுகிறவருக்கு முன்னுரிமை கொடுத்து, கண்டித் தாதியர் கல்லூரியில் ஒவ்வொரு அணியிலும் சில இடங்களை ஒதுக்கலாம். விஞ்ஞானப் பாடத்தில் பின்தங்கியிருந்தால் முதல் 6 மாதம் அதையே சொல்லிக்கொடுக்கலாம்.

நம் தாதியரைக் கூட்டிக்கொண்டு போகிற இங்கிலாந்து என்ன செய்கிறது தெரியுமா? 2017 முதல் அங்கே ஆஸ்பத்திரி உதவியாளராகச் சம்பளம் வாங்கிக்கொண்டே படித்துப் பட்டம் பெற்றுத் தாதியாகப் பதிவு செய்ய வழி இருக்கிறது. கண்டியிலிருந்து விமானம் ஏறிய மிஸி அங்கே தன் மேலதிகாரியாக ஒரு பழைய அட்டெண்டனைச் சந்திக்கக்கூடும்.