மவுண்ட் ரோடு பெரியப்பா

பழைய படங்கள் மறுபடியும் தியேட்டருக்கு வருகிற காலம் இது. 2024 ஏப்ரலில் ‘கில்லி’ திரும்ப வந்து, புதுப்படங்கள் பொறாமைப்படும் அளவுக்குக் கூட்டம் கூட்டியதிலிருந்து, ஆளாளுக்கு அலமாரியைத் தூசி தட்டிக்கொண்டிருக்கிறார்கள். அப்படி ஒரு படத்துக்கு இந்த வாரம் தங்கை மகன் செல்போனில் டிக்கெட் போட்டான். நல்ல பிள்ளை. ஆனால் டிக்கெட் விலைக்குக் கீழே இன்னொரு தொகை உட்கார்ந்திருந்தது. வசதிக் கட்டணமாம்.

யாருடைய வசதி? கவுண்டரில் ஆள் இல்லை. சீட்டு அச்சடிக்கவில்லை. இருக்கையைத் தேடியது நாங்கள், விவரத்தை நிரப்பியது நாங்கள், ரகசிய எண்ணுக்குக் காத்திருந்து அதைத் தட்டியதும் நாங்கள். வேலை முழுக்க நம்முடையது, கூலி மட்டும் அவர்களுக்கு. இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிக்கிறவர்கள் ‘ஆரம்பிச்சுட்டாரய்யா’ என்று பக்கத்தைத் திருப்பப் பார்ப்பது தெரிகிறது. பாப்கார்ன் விலைக்கு அழுதேன், இடைவேளை விளம்பரங்களுக்கு அழுதேன், இப்போது இதற்கு. சரி, அழுது முடித்துவிடுகிறேன். நூறு ரூபாய்க்கு மேற்பட்ட டிக்கெட்டுக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி என்றால் முணுமுணுத்துக்கொண்டே கட்டலாம், அரசாங்கம் ரோடு போடும் என்ற நம்பிக்கையாவது உண்டு. இந்த வசதிக் கட்டணம் எந்த ரோட்டைப் போடும்?

ரோடு என்றதும் பெரியப்பா வந்துவிட்டார். இனி படத்தைப் பற்றி எழுதினாற்போலத்தான்.

பெரியப்பாவை இந்தப் பத்தியின் வாசகர்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. திருவல்லிக்கேணியில் ஒண்டுக்குடித்தனம். வீட்டிலிருந்து மவுண்ட் ரோடு நடக்கிற தூரம்; அதனாலேயே அந்த வீட்டை விடாமல் வைத்திருந்தார் என்பார் அப்பா. அப்பாவுக்கு இங்கே அண்ணாமலை நகரில் பல்கலைக்கழக அலுவலகத்தில் வேலை. அண்ணன் தம்பிக்குள் சொத்துத் தகராறு கிடையாது, சொத்து இல்லாததால். தகராறெல்லாம் சினிமாவில்தான்.

அந்தத் தகராறு புரிய, ‘பெட்டி’ புரிய வேண்டும். ஒரு படத்துக்கு எடுக்கப்பட்ட பிரதிகள் கொஞ்சம். தகரப் பெட்டியில் ரீல்களாக அடைக்கப்பட்டு அவை முதலில் சென்னை, மதுரை, கோவை என்று பெரிய ஊர்களில் ஓடும். ஏ சென்டர், பி சென்டர், சி சென்டர் என்பது வியாபாரக் கணக்கு. நாங்கள் தென்னாற்காடு மாவட்டம். வட ஆற்காடு, செங்கல்பட்டோடு சேர்த்து விநியோகஸ்தர்கள் எங்களை ‘என்.எஸ்.சி. ஏரியா’ என்று ஒரே கட்டாகக் கட்டி வைத்திருந்தார்கள். பெரிய ஊர்களில் ஓடிக் களைத்து, மழை பெய்வதுபோலக் கோடு விழுந்த பிறகு பல படங்கள் சிதம்பரத்துக்கு வந்து சேரும். அப்புறம் புவனகிரி, பரங்கிப்பேட்டைப் பக்கத்துக் கொட்டகைகளுக்கு. இரண்டு கொட்டகைக்கு ஒரே பெட்டி என்றால், இங்கே ஓடி முடிந்த ரீலை சைக்கிளில் அங்கே கொண்டுபோவார்கள். சைக்கிள் பஞ்சரானால் அங்கே இடைவேளை நீளும்.

பெட்டி எங்களிடம் வருவதற்கு முன் பெரியப்பாவின் இன்லண்ட் லெட்டர் வந்துவிடும். முதல் பாதி குசலம், மறுபாதி கதை. முடிவை வேண்டுமென்றே எழுதித் தொலைப்பார். அப்பா அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, ‘அண்ணே கெடுத்துட்டாரு’ என்று முழு நாளும் புலம்புவார். சித்தப்பா ஒருவர்தான் பதிலடி கொடுத்தவர். எம்.ஜி.ஆர். ரசிகர். 1975-இல் ‘இதயக்கனி’ வந்தபோது அவர் பெரியப்பாவுக்கு எழுதிய கடிதம் எங்கள் குடும்பத்தில் பிரசித்தம்: ‘உங்க மவுண்ட் ரோட்டுல படம் ஓடத்தான் செய்யும், எங்க பிச்சாவரத்துல படத்தையே எடுத்திருக்காங்க.’ சுரபுன்னைக் காட்டின் கால்வாய்களில் எம்.ஜி.ஆர். படகில் போனது சித்தப்பாவுக்குத் தாமே துடுப்புப் போட்ட மாதிரி.

அப்பாவிடம் இன்னொரு துருப்புச் சீட்டு இருந்தது. ஜெமினி எடுத்த ‘நந்தனார்’ படத்தின் கதாநாயகன் எம்.எம். தண்டபாணி தேசிகர், பிற்பாடு இங்கே அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இசைத் துறைத் தலைவராக இருந்தார். சிதம்பரம் போகவேண்டும் என்று படம் முழுக்க ஏங்கியவர் சம்பளத்தோடு வந்து சேர்ந்துவிட்டார் என்பது அப்பாவின் நகைச்சுவை. அதற்கு முன்பே 1935-இல் வந்த நந்தனார் படத்தில் நந்தனாராக நடித்தவர் கே.பி. சுந்தராம்பாள், லட்ச ரூபாய் சம்பளம் பேசி அந்தக் காலத்தையே வாய் பிளக்க வைத்தவர். ஆக, படமெடுக்க எங்கள் ஊர் வேண்டும், படம் பார்க்க மவுண்ட் ரோடு.

கோடை விடுமுறையில் மீட்டர் கேஜ் ரயிலில் எழும்பூர் போய் இறங்குவோம். மறுநாளே பெரியப்பா எங்களை மவுண்ட் ரோட்டுக்கு இழுத்துக்கொண்டு போவார். எல்லா நாளும் படம் பார்க்கக் காசு கிடையாது. வெளியே நின்று பேனர் பார்ப்பதும் அவர் கணக்கில் சினிமாதான். சாந்தி வாசலில், 1961-இல் ‘பாவமன்னிப்பு’ வந்தபோது தியேட்டருக்கு மேலே பலூன் பறக்கவிட்டதைச் சொல்லும்போது இப்போதும் அது அங்கே மிதக்கிற மாதிரி கழுத்தை உயர்த்துவார். நாங்களும் உயர்த்துவோம். கேஸினோவும் மிட்லண்டும் கடந்து, கெயிட்டி பக்கம் வந்ததும் செருப்பைக் கழற்றாத குறை. 1914-இல் ரகுபதி வெங்கையா கட்டியது. தென்னிந்தியாவில் இந்தியர் ஒருவர் சொந்தமாகக் கட்டிய முதல் சினிமா தியேட்டர் என்று சொல்வார்கள். அவர் பெயரில் ஆந்திரத்தில் விருதே தந்திருக்கிறார்கள். கெயிட்டி இன்றைக்கு இல்லை.

பெரியம்மாவுக்குப் பிடித்தது தேவி வளாகம். 1970-இல் திறந்தது. தேவி பாரடைஸுக்கு மேலே போகப் படிக்கட்டுக்குப் பதில் சுற்றிச் சுற்றி ஏறும் சரிவுப் பாதை. முழங்கால் வலிக்காரர்களை நினைத்துக் கட்டிய ஒரே தியேட்டர் என்று அவர் சான்றிதழ் கொடுத்திருந்தார். பெரியப்பாவின் காதல் சஃபையர் வளாகம். 1964-இல் வந்தது; சஃபையர், புளூ டைமண்ட், எமரால்டு என்று ஒரே இடத்தில் மூன்று திரை. புளூ டைமண்டில் தொடர் காட்சி. எப்போது வேண்டுமானாலும் உள்ளே போகலாம், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உட்காரலாம். பாதியிலிருந்து பார்த்துவிட்டு, அடுத்த சுற்றில் முதல் பாதியைப் பார்த்து முடிப்பது. அக்னி நட்சத்திரத்தில் ஏ.சி.க்காகவே போய்த் தூங்கியவர்களும் உண்டு, காதலித்தவர்களும் உண்டு. பெரியப்பா முதல் ரகம். ஆங்கிலப் படம் என்ன கதை என்று கேட்டால், ‘நல்ல குளுகுளுன்னு இருந்துச்சுடா’ என்பார்.

1975-இல் சென்னைக்குத் தொலைக்காட்சி வந்தது. ஞாயிறு மாலைப் படம், வெள்ளிக்கிழமை ‘ஒளியும் ஒலியும்’. பிறகு வீடியோ டெக், பிறகு கேபிள். ஆனால் மவுண்ட் ரோட்டைத் தொலைக்காட்சி மட்டும் கொன்றது என்பதை நான் நம்பவில்லை. அந்த மனைக்குக் கிடைத்த விலையை எந்தப் படமும் வசூலித்துக் கொடுக்க முடியாது. குளோப் முதலில் அலங்கார் என்று பெயர் மாறியது, பிறகு அதுவும் போனது. மிட்லண்டை நடிகை ஜெயப்பிரதா வாங்க, அது ஜெயப்பிரதா ஆனது. வெலிங்டன் போன இடத்தில் வெலிங்டன் பிளாசா. தொண்ணூறுகளில் சஃபையர் மூடியது. ஆனந்தும் போயிற்று. 2005-இல் வந்த ‘சந்திரமுகி’யை 800 நாட்களுக்கு மேல் ஓட்டிய சாந்தி, 2016-இல் மூடிக்கொண்டது. பெரியப்பா அதற்கு முன்பே போய்விட்டார்; நல்ல வேளை.

இதையெல்லாம் வெறும் குடும்பப் புலம்பலாக விடாமல் வரலாறாகப் படிக்கக் கற்றுக் கொடுத்தவர் தியடோர் பாஸ்கரன். அவருடைய ‘எம் தமிழர் செய்த படம்’ நூலை இந்தப் பத்தியில் எத்தனை முறை இழுத்திருக்கிறேன் என்று நண்பர் ஒருவர் கணக்கு வைத்திருக்கிறார், அவர் இன்னொரு கோடு போட்டுக்கொள்ளலாம். படித்தவர்கள் சினிமாவைத் தீண்டத்தகாததாக வைத்திருந்த காலத்தில் மௌனப்படம், கம்பெனி நாடகம், பாட்டு, தணிக்கை, தேசிய இயக்கம் என்று எல்லாவற்றையும் ஆவணங்களில் தேடிப் போன மனிதர். திருச்சியில் ரயில்வே ஊழியராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905-இல் பிரெஞ்சுக்காரர் ஒருவரிடம் புரொஜெக்டரை வாங்கிக்கொண்டு ஊர் ஊராகப் படம் காட்டக் கிளம்பிய கதையை பாஸ்கரனைப் போன்றவர்கள் எழுதாவிட்டால் நமக்கு யார் சொல்லியிருப்பார்கள்? அவர் ஆங்கிலத்தில் எழுதிய ‘தி ஐ ஆஃப் தி சர்ப்பென்ட்’ தேசிய விருது பெற்றது. இத்தனையும் செய்தவரின் உத்தியோகம் அஞ்சல் துறையில். தமிழ்நாட்டின் தலைமை அஞ்சல் அதிகாரியாக ஓய்வு பெற்றார். 1913-இல் மவுண்ட் ரோட்டில் வார்விக் மேஜர் கட்டிய எலெக்ட்ரிக் தியேட்டரும் அதே துறையின் கைக்குத்தான் போனது. அந்த வரிசையின் மூத்த கட்டடம், தபால்தலை சேகரிப்பாளர்கள் வந்துபோகும் இடமாக அஞ்சலக வளாகத்துக்குள் இன்றும் நிற்கிறது. இடிபடாமல் தப்பியது, படம் காட்டுவதைச் சீக்கிரமே நிறுத்தியதால்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

மறுவாழ்வு இல்லாமல் இல்லை. 1974-இல் தொடங்கிய ராயப்பேட்டை சத்யம், இரண்டாயிரங்களில் புதிதாக இழைத்துக்கொண்டு எழுந்து நின்றது. தேவி இன்னும் இருக்கிறது. இருக்கை மெத்தென்று, ஒலி காதுக்குள், கழிப்பறை சுத்தம். பெரியப்பா பார்த்த எந்தத் தியேட்டரும் இவ்வளவு சௌகரியமாக இருந்ததில்லை. இங்கேயும் அதே கதைதான். சிதம்பரத்தில் லேனா, மாரியப்பா, வடுகநாதன் என்றும், கடலூரில் கிருஷ்ணாலயா என்றும் சொல்லி வளர்ந்த எங்களுக்கு ஒருநாளும் கிடைக்காத ஒன்று இப்போது கிடைத்திருக்கிறது. பெட்டி ஒழிந்தது. சென்னையிலேயே உருவான கியூப் போன்ற டிஜிட்டல் முறைகள் வந்தபின், மவுண்ட் ரோட்டில் வெளியாகும் அதே வெள்ளிக்கிழமை, அதே காட்சி, கோடு விழாமல் இங்கேயும் வந்துவிடுகிறது. முடிவைச் சொல்லிக் கெடுக்க இன்லண்ட் லெட்டர் போடுகிற அண்ணனுக்கு இனி வேலை இல்லை.

இது நியாயம். தென்னாற்காட்டுக்காரனாக எனக்குச் சந்தோஷம். ஆனால் மீண்டு வந்தது தியேட்டர்தான், தெரு திரும்பவில்லை. படம் விட்டதும் லிஃப்டில் இறங்கி, வண்டி எடுத்து, வீடு. காசில்லாதவன் வெளியே நின்று பேனர் பார்த்த நடைபாதையும், பாட்டுப் புத்தகம் விற்றவரும், அந்தக் கணக்கில் எங்குமே இல்லை.

அந்தப் பாட்டுப் புத்தகங்களைப் பற்றி ஒரு வார்த்தை. கதைச் சுருக்கம் போட்டு, முக்கியமான இடத்தில் ‘மீதியை வெள்ளித்திரையில் காண்க’ என்று நிறுத்திவிடும் மெல்லிய புத்தகங்கள். பெரியப்பாவின் டிரங்குப் பெட்டியில் இருந்தவை, திருவல்லிக்கேணி வீட்டைக் காலி செய்தபோது பழைய பேப்பர்க் கடைக்குப் போயின. கோட்டையூர் ரோஜா முத்தையா என்ற பெயர்ப்பலகை ஓவியர் தனி ஆளாகச் சேர்த்த புத்தகங்களும் நோட்டீஸ்களும்தான் இன்று சென்னை தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாக நிற்கின்றன. சிதம்பரம், கடலூர் பக்கம் யார் வீட்டுப் பரணிலாவது பாட்டுப் புத்தகமோ, சினிமா நோட்டீஸோ, பழைய தியேட்டர் வாசலில் எடுத்த குடும்பப் புகைப்படமோ இருந்தால், கிலோ கணக்கில் போடுவதற்கு முன் அந்த நூலகத்துக்கு ஒரு கடிதம் எழுதுங்கள்.