அம்பேத்கரும் ஒரு தொழில் தொடங்கினார்

மாவட்டத் தொழில் மையத்தின் அறிவிப்புகளில் அடிக்கடி கண்ணில் படுகிறது 'அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம்'. 2023-ல் தமிழக அரசு தொடங்கியது. ஆதிதிராவிடரும் பழங்குடியினரும் உற்பத்தி, வணிகம், சேவை என எந்தத் தொழில் தொடங்கினாலும் திட்ட மதிப்பில் 35 சதவீதம் மானியம். உச்சவரம்பு ஒன்றரைக் கோடி ரூபாய். மீதி 65 சதவீதம் வங்கிக் கடன். கடன் வட்டியிலும் 6 சதவீத மானியம் உண்டு. கைப்பணம் போட வேண்டாம், பட்டப்படிப்பு வேண்டாம். நல்ல திட்டம் என்பதில் சந்தேகமில்லை.

இதற்கு யார் பெயரை வைத்திருக்கிறார்களோ, அவரே ஒரு காலத்தில் தொழில் தொடங்கியவர் என்பது பலருக்குத் தெரியாது. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் படித்துவிட்டு வந்து, 1917-ல் பரோடா சமஸ்தானத்தில் வேலைக்குச் சேர்ந்தார் அம்பேத்கர். தங்க இடம் கிடைக்காமல் பெயரை மறைத்துப் பார்சி விடுதியில் தங்கியதும், விஷயம் தெரிந்து தடியோடு வந்தவர்கள் விரட்டியதும் அவரே எழுதியுள்ளவை. பிறகு பம்பாயில் பங்கு முதலீட்டாளர்களுக்கு ஆலோசனை சொல்லும் தொழிலைத் தொடங்கினார். நூறாண்டுக்கு முன்பு அது எவ்வளவு புதிய யோசனை! ஆலோசகர் தீண்டத்தகாதவர் என்று தெரிந்ததும் வாடிக்கையாளர்கள் வருவது நின்றது. தொழிலை மூட வேண்டியதாயிற்று.

தொழில்முனைவோர் பயிற்சி முகாம்களில் நம் பிள்ளைகளிடம் திரும்பத் திரும்பச் சொல்லப்படுவது 'புதுமையாக யோசியுங்கள்' என்பது. அங்கெல்லாம் எனக்கு இந்தச் சம்பவம்தான் நினைவுக்கு வரும். யோசனைக்கு அங்கே பஞ்சமில்லை, படிப்புக்கும் பஞ்சமில்லை.

இன்று நிலைமை மாறிவிட்டது என்பார்கள். ஓரளவு மாறியிருக்கிறது. ஆனால் 2015-16-ல் எடுக்கப்பட்ட தேசிய மாதிரிக் கணக்கெடுப்பைப் பாருங்கள். நாட்டின் மக்கள்தொகையில் பட்டியல் சாதியினர் 16.6 சதவீதம். குறு, சிறு, நடுத்தரத் தொழில்களில் அவர்கள் கையில் இருப்பது 12.45 சதவீதம். பரவாயில்லையே என்று தோன்றும். பிரித்துப் பார்த்தால்தான் விஷயம் தெரியும். குறுந்தொழிலில் 12.48, சிறுதொழிலில் 5.50, நடுத்தரத் தொழிலில் 0.00. பெட்டிக்கடை, தையல் மெஷின், லோடு ஆட்டோ வரை போகிறோம். அதற்கு மேல் படி ஏற முடிவதில்லை.

சாப்பாட்டுக் கடையையே எடுத்துக்கொள்வோம். குறைந்த முதலில் தொடங்கக்கூடியது. சமைக்கத் தெரிந்த கைகளும் உண்டு. ஆனால் 2018-ல் திருப்பூர் மாவட்டத்தில், அரசுப் பள்ளிச் சத்துணவுக் கூடத்தில் அருந்ததியர் பெண் சமைத்தால் எங்கள் பிள்ளைகள் சாப்பிடமாட்டார்கள் என்று தகராறு செய்தார்கள். அரசாங்கச் சோற்றுக்கே இந்தக் கதி என்றால், ஊர்த்தெருவில் காலனிக்காரர் இட்லிக் கடை போட்டால் என்ன நடக்கும் என்று விளக்க வேண்டியதில்லை. அதனால் நம்மவர்கள் யோசிக்கிறார்கள். கடைக்குப் பொதுவான சாமி பெயர் வைக்கிறார்கள். கல்லாவில் வேறு சாதி நண்பரை உட்கார வைக்கிறார்கள். சொந்த ஊரை விட்டுவிட்டு, முகம் தெரியாத பைபாஸ் ஓரத்தில் கடை பிடிக்கிறார்கள். சிலர் மசாலாப் பொடி, ஊறுகாய் என்று பாக்கெட் போட்டு ஆன்லைனில் விற்கிறார்கள். பாக்கெட்டுக்குச் சாதி தெரியாது அல்லவா? இதுவும் படைப்பாற்றல்தான். ஆனால் மற்றவர் சரக்கை மேம்படுத்தச் செலவிடும் மூளையை நாம் பெயரை மறைக்கச் செலவிடுகிறோம். இந்தச் செலவு எந்தத் திட்ட அறிக்கையிலும் வருவதில்லை.

திட்ட அறிக்கை என்றதும் இன்னொன்று. கடன் விண்ணப்பத்தோடு வைக்கும் ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டைப் பெரும்பாலும் கம்ப்யூட்டர் சென்டரில்தான் அடித்து வாங்குகிறோம். ஏற்கெனவே கடன் கிடைத்த ஒருவரின் ரிப்போர்ட்டில் பெயரை மட்டும் மாற்றித் தருவார்கள். வங்கிக்கும் அதுதான் வசதி. வாகனம் என்றால் கொட்டேஷன் உண்டு, கட்டாவிட்டால் பறிமுதல் செய்யலாம். யாரும் இதுவரை செய்யாத ஒன்றைச் செய்கிறேன் என்றால், 'இதற்கு மார்க்கெட் இருக்கிறதா, ஈடு என்ன' என்று கேட்பார்கள். நம் கையில் இருப்பது நத்தம் மனையும் நிபந்தனைப் பட்டாவும். மேடையில் புதுமை கேட்கிறார்கள், மேஜையில் பழைய நகலைக் கேட்கிறார்கள்.

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை பக்கம் இந்த முரண் இன்னும் கூர்மையாகத் தெரியும். உலகம் முழுக்கப் போகும் காலணிகள் நம் தொழிலாளர்களின் கையில் உருவாகின்றன. அவர்களில் தலித் பெண்கள் ஏராளம். ஷூவின் மேற்பகுதியை வீட்டுத் திண்ணையில் வைத்து, ஜோடிக்கு இவ்வளவு என்ற கூலிக்குக் கையால் தைக்கிறவர்களும் உண்டு. ஆனால் கட்டிங் தெரிந்தவருக்கு லாஸ்டிங் தெரியாது; தைப்பவருக்கு அடிப்பாகம் ஒட்டத் தெரியாது. முப்பது வருடம் வேலை பார்த்தும் ஒரு முழு ஜோடியைத் தனியாகச் செய்து பார்க்காதவர்கள் அதிகம். புதுமை என்பது முழுப் பொருளும் கையில் இருக்கும்போது பிறப்பது. அந்த வாய்ப்பு தொழிற்சாலை அமைப்பில் இல்லை.

மும்பையில் நடந்த ஒன்று இங்கே யோசிக்கத் தக்கது. 2015-ல் மகாராஷ்டிரத்தில் காளை, எருது அறுக்கத் தடை வந்தபோது தாராவியின் தோல் கைவினைஞர்கள் பலர் வேலையிழந்தார்கள். சுதீர் ராஜ்பர் என்ற கலைஞர் அவர்களோடு சேர்ந்து, மறுசுழற்சி செய்த ரப்பரில் கைப்பைகள் தயாரிக்கத் தொடங்கினார். அதே கை, அதே தையல். பொருள் மட்டும் மாறியது. நிறுவனத்தின் பெயர் 'சமார் ஸ்டுடியோ'. வட இந்தியாவில் வசையாகப் பயன்படுத்தப்படும் சாதிப் பெயரையே விலை உயர்ந்த பையின் முத்திரையாக்கினார்கள். எல்லோரும் இப்படிப் பெயரைச் சொல்லித்தான் பிழைக்க வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். பெருநகரத்தின் வடிவமைப்புச் சந்தை வேறு, நம் ஊர்த் தெரு வேறு. ஆனால் மறைப்பதற்குப் போன மூளை சரக்குக்குத் திரும்பினால் என்ன ஆகும் என்பதற்கு அது ஓர் உதாரணம்.

தமிழக அரசு 2022-23 நிதியாண்டில் ஆதிதிராவிடர், பழங்குடியினர் நடத்தும் புத்தொழில்களுக்காக 30 கோடி ரூபாய் நிதி ஒதுக்கியது. கடனாக அல்ல, பங்கு முதலீடாக. சரியான திசைதான். ஆனால் அது ஏற்கெனவே நிறுவனம் பதிவு செய்து, சென்னை வரை போய்ப் பேசத் தெரிந்தவர்களுக்குத்தான் எட்டும். ஆம்பூர் திண்ணையில் தைக்கும் பெண்ணுக்குத் தேவை இன்னும் சிறியது: ஆறு மாதம் கூலிக்கவலை இல்லாமல் முழு ஷூவைச் செய்து பழகவும், நாலு மாதிரி கெட்டுப்போனால் கடனாளி ஆகாமல் இருக்கவும் ஒரு தொகை, பொதுவில் மெஷின்கள் உள்ள ஒரு கூடம். மானியத்தில் ஒரு பகுதியை இப்படிச் சோதனைக் காலத்துக்கு ஒதுக்கலாம். இதை மாவட்ட அளவிலேயே தொடங்க முடியும் என்பது என் கருத்து.

அதுவரை விண்ணப்பிக்கப் போகும் தம்பி தங்கைகள் இரண்டு விதிகளை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். குறு, சிறு தொழிலுக்கு ஒரு குறிப்பிட்ட வரம்பு வரையிலான கடனுக்கு வங்கி ஈட்டுச் சொத்து கேட்கக் கூடாது. பட்டியல் சாதி, பழங்குடி விண்ணப்பத்தைக் கிளை அளவிலேயே நிராகரிக்கவும் கூடாது. அடுத்த மேல்நிலை அதிகாரிதான் முடிவு செய்ய வேண்டும், காரணத்தையும் தெளிவாகக் குறிப்பிட வேண்டும். இரண்டும் ரிசர்வ் வங்கி சொன்னவை. 'வராதுப்பா, போ' என்று வாயால் சொன்னால் எழுந்து வந்துவிடாதீர்கள். எழுத்தில் கேளுங்கள். அந்தத் தாளோடு திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்துக்குப் போங்கள்.