ஒரு வாட் மின்சாரமும் ஒரு சுழியமும்

மின்சாரம் தடையின்றிக் கிடைக்கும் ஊர்களில் வாழும் அன்பர்களுக்கு இது அற்ப விடயமாகத் தோன்றலாம். இலங்கையில் அப்படியில்லை. 2022 மார்ச் 31ஆம் திகதிக்கு 13 மணி நேர மின்வெட்டு அறிவிக்கப்பட்டது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடு முழுவதும் இருளில் மூழ்கியது. அதே ஆண்டு நவம்பர் இறுதியில் டித்வா புயல் பதுளை மாவட்டத்தின் மலைச்சரிவுகளைச் சரித்தது. தெமோதரையைச் சூழ்ந்த தோட்டங்களின் லயன்களில், கைமாறி வந்த மடிக்கணினியில் உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைக்கு பற்றரியின் ஒவ்வொரு நிமிடமும் பெறுமதியானது.

பழைய கணினிக்கு உயிரூட்டும் வழி நம்மவர்க்குத் தெரிந்ததே: சுழலும் வன்தட்டைக் கழற்றிவிட்டு எஸ்.எஸ்.டி. ஒன்றைப் பொருத்துவது, விலையில்லாத லினக்ஸை நிறுவுவது. அத்தோடு நின்றுவிடுகிறோம். வேலையின்றி இருக்கும்போது அந்தச் சேமிப்பகம் எவ்வளவு ஆழமாக உறங்க வேண்டும் என்பதையும் நாமே தீர்மானிக்கலாம். லினக்ஸில் இந்த அமைப்பு ஒரு சிறு கோப்பாகவே இருக்கிறது. ‘கேட்’ கட்டளையால் வாசிக்கலாம். நிர்வாகி உரிமையோடு ‘எக்கோ’ கட்டளையால் மாற்றலாம். கணினியை மீண்டும் இயக்கினால் பழைய நிலை திரும்பிவிடும்.

சாட்டா வகைச் சேமிப்பகத்தில் முழுவேகத்திலிருந்து மிதமான சிக்கனத்துக்கு மாறினால், சில மடிக்கணினிகளில் ஏறத்தாழ ஒரு வாட் மிச்சமாகும். ஒரு வாட் பெரிதா என்று கேட்பீர்கள். கணக்கிட்டுப் பாருங்கள்: 28 வாட்-மணி பற்றரியில் 7 வாட் செலவிடும் கணினி 4 மணி நேரம் இயங்கும், 6 வாட் செலவிட்டால் 4 மணி 40 நிமிடம். அந்த நாற்பது நிமிடம் ஒரு பாடவேளை.

ஆனால் அதனினும் கடுமையான உச்சச் சிக்கன நிலையில் சில சேமிப்பகங்களில் தரவு சிதைந்த முறைப்பாடுகள் உண்டு. புதிய என்.வி.எம்.இ. வகையிலோ, தானாக உறங்கும் வசதியை லினக்ஸ் கெர்னல் 2017இல் 4.11ஆம் பதிப்பில் பெற்றது. உறக்கத்திலிருந்து எழ எத்தனை மைக்ரோ விநாடி வரை பொறுக்கலாம் என்பதற்கு ஓர் எண் இருக்கிறது. இயல்பாக அது 1,00,000. சில சேமிப்பகங்கள் ஆழ்ந்து உறங்கி எழாமற் போனதால், அந்த எண்ணைச் சுழியமாக்கும் வைத்தியம் பரவியது. சுழியம் என்றால் அந்த உறக்கமே வேண்டாம் என்று பொருள். நோய் இல்லாதவரும் அதைப் பிரதிசெய்து ஒட்டினால், சிக்கனம் போய் வீண்செலவு வந்து சேர்கிறது.

என் வாதம் இதுதான். கட்டளையைப் பிரதிசெய்வது அறிவாகாது. அதன் காரணத்தைத் தாய்மொழியில் சொல்லவேண்டும். தெமோதரையில் ரயில் பாதை தன் நிலையத்தையே சுற்றி வந்து அதன் அடியிலேயே சுரங்கத்துள் நுழைகிறது. அமைத்தவர்கள் அந்த மலையின் சரிவை அறிந்திருந்ததால் பிறந்த வளைவு அது. வேறொரு மலையில் அதை அப்படியே பதித்தால் ரயில் ஓடுமா?

கே.டி.ஈ., க்னோம் முகப்புகளைத் தமிழாக்கத் தன்னார்வலர்கள் பல ஆண்டுகள் உழைத்தார்கள். அவர்களுக்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம். ஆயினும் சாளரத்துக்குப் பின்னால் இருக்கும் கட்டளைகளின் விளக்கத்துக்கு இன்றும் ஆங்கிலத்தையே நாடுகிறோம். ‘கணினி படிப்பவன் ஆங்கிலமும் படிக்கட்டுமே’ என்பார்கள். படிக்கட்டும். ஆனால் இலங்கையில் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பத்தை உயர்தர வகுப்பில் தமிழிலேயே கற்கலாம். பாடம் தமிழில், பழுதுபார்க்கும் அறிவு மட்டும் ஆங்கிலத்தில் என்றால், அந்தப் பிள்ளை எப்போதும் பிறர் எழுதிய வரியை நம்பியே வாழவேண்டும்.

லண்டனிலும் ரொறன்ரோவிலும் சென்னையிலும் இத்துறையில் பணிபுரியும் தமிழர் பலர் இருக்கிறீர்கள். மலையகத்துக்குப் பழைய கணினிகளை அனுப்புவது நற்பணியே. அவற்றோடு தமிழில் ஒரு பக்கம் எழுதி வையுங்கள்: எந்த அமைப்பு, என்ன செய்யும், எப்போது தொடக்கூடாது, எப்படிப் பழைய நிலைக்குத் திரும்புவது. செலவு ஒரு மாலைப்பொழுதுதான்.