பாதை நம்முடையது, பஸ் எங்கே?



முதுகில் பையும் கையில் ஊன்றுகோலுமாக வெளிநாட்டவர்கள் நமது தோட்டங்களின் ஊடாக நடந்து போவது இப்போது புதினமல்ல. கண்டி ஹந்தானையில் தொடங்கும் 'பீகோ டிரெயில்' என்ற நடைபாதை கலஹா, லூல்கந்துர, பூண்டுலோயா, வட்டகொடை, கொட்டகலை, நோர்வூட், பொகவந்தலாவை என்று போய், அப்புத்தளையையும் எல்லவையும் சுற்றி நுவரெலியாவில் முடிகிறது. நீளம் 300 கிலோமீற்றருக்கு மேல். மொத்தம் 22 கட்டங்கள். ஒவ்வொரு கட்டமும் ஒரு நாளில் நடந்து முடிக்கக்கூடியது. தேயிலைத் தரம் ஒன்றின் பெயரையே இந்தப் பாதைக்கும் வைத்திருக்கிறார்கள்.

இது புதிதாக வெட்டிய பாதையல்ல. கொழுந்தைத் தொழிற்சாலைக்கும் தேயிலைப் பெட்டியை ரயில் நிலையத்துக்கும் கொண்டு செல்ல அன்று போட்ட தோட்டப் பாதைகளைத்தான் ஒன்றாக இணைத்து அடையாளப் பலகை நட்டிருக்கிறார்கள். அந்தப் பாதைகளை வெட்டியது நமது பாட்டன் பூட்டன்களின் மண்வெட்டி. மன்னார்க் கரையில் இறங்கி, காடு கடந்து மாத்தளை வரை கால்நடையாக வந்தவர்கள் அவர்கள். 2023 ஆம் ஆண்டு, நம்மவர் வருகையின் 200 ஆவது ஆண்டை நினைவுகூர்ந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நமது மக்கள் மீண்டும் நடந்தார்கள். மலையகத்தில் நடை என்பது பொழுதுபோக்காகத் தொடங்கியதல்ல என்பதை நாட்டுக்கு நினைவூட்டிய நடை அது.

இதைச் சொல்வது நடக்க வருபவர்களை விரட்டுவதற்கல்ல. அவர்கள் வரட்டும். சொகுசு வாகனத்தில் வந்து, பங்களா விடுதியில் தங்கிப் போகிறவரின் பணம் பெரும்பாலும் விடுதிக்காரரோடு நின்றுவிடுகிறது. ரயிலிலும் பஸ்ஸிலும் வந்து நடக்கிறவர் சந்திக் கடையில் தேநீர் குடிக்கிறார், ரொட்டி வாங்குகிறார், இருட்டிவிட்டால் நமது பிள்ளையின் ஆட்டோவில் ஏறுகிறார்.

அப்புத்தளையிலிருந்து தம்பேத்தன்னைக்குப் போகும் பஸ்ஸைப் பாருங்கள். 1890 இல் தோமஸ் லிப்டன் கட்டிய தொழிற்சாலை அங்கே இருக்கிறது. அங்கிருந்து ஏறக்குறைய 7 கிலோமீற்றர் மலைப் பாதையில் ஏறினால் லிப்டன் சீட். பார்க்க வருகிறவர்களும், தோட்டத்து மக்களும், பாடசாலைப் பிள்ளைகளும் ஒரே பஸ்ஸில்தான் போகிறார்கள். பயணி வருவதால் பஸ்ஸுக்கு வருமானம், பஸ் ஓடுவதால் தோட்டத்துக்கு வசதி. ஒரு பஸ் இரண்டு பேருக்கும் உதவும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

ஆனால் எத்தனை தோட்டங்களுக்கு அப்படி ஒரு பஸ் இருக்கிறது? காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. மழை பெய்து றோட்டு கெட்டுவிட்டால் அதுவும் இல்லை. கீழ்ப் பிரிவு வரை வரும் பஸ் மேல்பிரிவைக் கண்டதில்லை. உயர்தரம் படிக்கிற பிள்ளை மாலை வகுப்பு முடிந்ததும் இருட்டில் மலையேற வேண்டியிருக்கிறது. பிரசவ வலி கண்ட பெண்ணைக் கொழுந்து லொறியில் ஏற்றி அனுப்பிய கதை தெரியாத தோட்டம் உண்டா? ஒரு நாள் நடக்க வந்தவருக்கு அந்த ஏற்றம் உடற்பயிற்சி. நாள் முழுவதும் கூடை சுமந்தவருக்கு அது இன்னொரு அரைநாள் வேலை.

ரயிலின் கதையும் இதுதான். கோப்பியையும் தேயிலையையும் துறைமுகத்துக்கு இறக்கவே இந்தத் தண்டவாளம் மலையேறியது. 1885 இல் நானுஓயா, 1893 இல் அப்புத்தளை, 1894 இல் பண்டாரவளை, 1924 இல் பதுளை என்று அது நீண்டது. இன்று அதே பாதையில் பயணிகளுக்கென ஆசனம் ஒதுக்கிய ரயில்கள் ஓடுகின்றன. ஓடட்டும். ஆனால் ஆஸ்பத்திரிக்கும் கொழும்பு வேலைக்கும் போகிற நம்மவர் மூன்றாம் வகுப்பு வாசலில் தொங்கிக்கொண்டு போக வேண்டும் என்பது எந்த நியாயம்? சாதாரண ரயிலைக் குறைத்து சுற்றுலா ரயிலைக் கூட்டுவதை நாம் ஏற்க முடியாது.

தோட்டத்துக்குள் றோட்டுப் போட அதிகாரமில்லை என்று பிரதேச சபைகள் நீண்ட காலம் கைவிரித்தன. 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்க பிரதேச சபைச் சட்டத்தின் 33 ஆவது பிரிவை அதற்குக் காட்டினார்கள். அந்தப் பிரிவு 2018 இல் திருத்தப்பட்டது. தோட்டக் குடியிருப்புகளுக்கும் சபை நிதியில் சேவை செய்யலாம். ஆகவே, "அது கம்பனிக் காணி, எங்கள் வேலையல்ல" என்ற பதிலைக் கேட்டுக்கொண்டு இனி யாரும் திரும்பி வரத் தேவையில்லை.

நமது கோரிக்கைகள் நான்கு.

முதலாவது, நடைபாதைக் கட்டங்கள் தொடங்கி முடியும் தோட்டங்களுக்கு காலை, பகல், மாலை மூன்று நேரமும் பஸ் வேண்டும். நேர அட்டவணை பாடசாலை மணியையும் வேலை நேரத்தையும் பார்த்துப் போடப்பட வேண்டும். அந்த பஸ்ஸில் பயணிகளும் வரலாம்.

இரண்டாவது, பாதையில் பலகை நட்டால் போதாது. உடைந்த பாலம், வழுக்குப் படி, மண்சரிவு விழும் வளைவு ஆகியவற்றையும் திருத்த வேண்டும். பயணி வருடத்தில் ஒரு நாள் கடக்கும் இடத்தை நமது பிள்ளை தினமும் கடக்கிறது.

மூன்றாவது, வழிகாட்டி வேலையில் தோட்டத்து இளைஞர் யுவதிகளுக்கு முதலிடம் வேண்டும். அதற்கான பயிற்சியும் அனுமதிப்பத்திரமும் தமிழிலேயே கிடைக்க வேண்டும். எந்த மலையில் எப்போது மூடுபனி இறங்கும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை.

நான்காவது, மரியாதை. கொழுந்தெடுக்கும் பெண்ணைப் படம் பிடிக்க அவளிடம் அனுமதி கேட்க வேண்டும். லயன் வாசல் காட்சிச்சாலையல்ல. நிறை குறைந்தால் பேர் குறையும் என்று ஓடுகிறவளை நிறுத்தி, சிரிக்கச் சொல்ல யாருக்கும் உரிமையில்லை.

இன்னும் ஒன்று, இது நமக்கு நாமே சொல்லிக்கொள்ள வேண்டியது. பக்கத்து மலையில் என்ன இருக்கிறது என்று பார்க்காமலே பென்சன் வயதுக்கு வந்தவர்கள் நம்மில் பலர். வேலைக்காக ஏறினோம், பார்ப்பதற்காக ஏறியதில்லை. ஒரு போயா நாளில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு, பஸ்ஸில் போய், ஒரு கட்டமாவது நடந்து பாருங்கள். இந்தப் பாதையை வெட்டியது யார் என்பதைப் பிள்ளைகள் வெளிநாட்டவரின் புத்தகத்தில் படிக்கக்கூடாது. நீங்கள் சொல்லி அவர்கள் கேட்கட்டும்.

தோட்டக் கமிட்டித் தலைவர்களும் மாதர் சங்கத் தலைவிகளும் அடுத்த கூட்டத்துக்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் தோட்டத்துக்கு எத்தனை மணிக்கு பஸ் வருகிறது, எந்த இடத்தோடு திரும்புகிறது, அங்கிருந்து கடைசி லயத்துக்கு எவ்வளவு தூரம், எந்தப் பாலம் உடைந்திருக்கிறது என்று எழுதிக் கொண்டுவாருங்கள். அந்தத் தாள்களை ஒன்றாகக் கட்டி பஸ் டிப்போவுக்கும், மாகாணப் போக்குவரத்து அதிகார சபைக்கும், பிரதேச சபைக்கும் எடுத்துச் செல்வோம். நடக்க வருபவருக்குப் பாதை காட்டத் தெரிந்த அரசுக்கு, நடந்தே தேய்ந்தவர்களுக்கு ஒரு பஸ் அனுப்பவும் தெரிய வேண்டும்.